தூங்குமூஞ்சி மரத்தைப் பிளக்க: கோடாரியா, ஹைட்ராலிக் மிஷினா?

சிப்புட்காரன்
வணக்கம். மலேசியாவுல ஈப்போவுக்குப் பக்கத்துல இருக்கிற சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கோயில் அன்னதானத்துக்கு விறகு தயார் பண்ணணும். ரெண்டு வகைக் கட்டை கிடக்கு. ஒன்னு, மறுநடவுக்குச் சாய்ச்ச ரப்பர் மரம், 10 இஞ்சிலிருந்து 12 இஞ்சி அகலம். இன்னொன்னு, காத்துல விழுந்த தூங்குமூஞ்சி, அடிமரம் 3 அடி அகலம். ரெண்டையும் ஒன்றரை அடி நீளத்துக்குச் சைன்சோவால அறுத்தாச்சு. தூங்குமூஞ்சியில 8 பவுண்டு கோடாரியை நடுவுல இறக்கினா அப்படியே கடிச்சுப் பிடிச்சுக்குது. ஆப்பு அடிச்சா அதுவும் மாட்டிக்குது. கமிட்டியில மிஷின் வாங்கலாம்னு பேச்சு. கடையில கரண்ட்ல ஓடுற 7 டன் ஒன்னு, பெட்ரோல் இன்ஜின் 25 டன் ஒன்னு இருக்கு. எது எடுக்கலாம்? இல்லை கையாலேயே முடிச்சிடலாமா? திருவிழாவுக்கு இன்னும் 4 மாசம்.

பால்மரம்
தம்பி, முதல்ல ரப்பர் கட்டையை முடிங்க. அதுக்கு மிஷினே வேண்டாம். ஆனா பச்சையா இருக்கும்போதே பிளந்திடணும். ரப்பர் மரத்துல மாச்சத்து அதிகம். அறுத்துப் போட்டு ஓரிரு வாரத்துலேயே நீலம் பூக்கும், அப்புறம் துளைக்கிற வண்டு ஏறி மாவு கொட்டும். காயக் காயப் பிளக்கிறதும் கஷ்டமாகிடும். 6 பவுண்டு கோடாரி போதும். பால் ஒட்டிக்கிட்டா மண்ணெண்ணெய் நனைச்ச துணியால அப்பப்போ துடைச்சுக்குங்க.

பால் வெட்டின பகுதியை மட்டும் தனியா ஒதுக்கி வைங்க. தரையிலிருந்து நாலஞ்சு அடி வரைக்கும் கத்தி பட்ட இடம் கரடு கட்டியிருக்கும், நார் நேரா ஓடாது. ஒட்டுக் கட்டின அடிப்பாகமும் வீங்கி முறுக்கியிருக்கும். பீலி (பால் வடியிற தகடு) அடிச்ச இடத்துலயும் மங்கு (பால் பிடிக்கிற கிண்ணம்) கட்டின கம்பி இருந்த இடத்துலயும் இரும்பு உள்ளே புதைஞ்சிருக்கலாம். பட்டையில கறுப்பா ஒழுகின கறை தெரிஞ்சா அங்கே சைன்சோ வைக்காதீங்க.

அன்னதான அடுப்புக்கு 3, 4 இஞ்சி கனம் சரியா இருக்கும். தகரக் கூரை போட்டு, நாலு பக்கமும் காத்து வர மாதிரி, அடியில பேலட் வச்சு அடுக்குங்க. தரையில போட்டா கரையான்தான். 3 மாசமாவது காயணும். அதனால இந்த வாரமே தொடங்கிடுங்க.

தூங்குமூஞ்சி கதை வேற. அதுல நார் ஒரே பக்கமா போகாது. ஒரு அடுக்கு வலது பக்கம் சாய்ஞ்சா அடுத்த அடுக்கு இடது பக்கம் சாயும், பின்னல் மாதிரி. நடுவுல அடிச்சா ரெண்டு பக்கமும் சேர்ந்து இறுக்கும். விளிம்புலிருந்து 3 இஞ்சி உள்ளே, வளையத்தை ஒட்டினாப்ல அடிச்சு, பலகை பலகையா சுத்திச் சுத்தி எடுங்க. கடைசியில மிஞ்சுற நடுக்கட்டைதான் தொந்தரவு. ஆப்பு குறைஞ்சது ரெண்டு கையில இருக்கணும், ஒன்னு மாட்டினா இன்னொன்னை வச்சு விடுவிக்கலாம். ஆப்புத் தலை காளான் மாதிரி விரிஞ்சிருந்தா கிரைண்டர்ல தேய்ச்சிடுங்க, அந்த விளிம்புதான் தெறிச்சுக் கண்ணுல பாயும். கோடாரி முதுகை ஆப்பா நினைச்சுச் சம்மட்டியால அடிக்கவே கூடாது.

பட்டறை_அண்ணன்
மிஷின் பத்திச் சொல்றேன். 7 டன் கரண்ட் வகை உங்க தூங்குமூஞ்சிக்கு ஆகாது. அந்த மாதிரி மிஷின் பெரும்பாலும் 25 சென்டிமீட்டர், அதாவது 10 இஞ்சி அகலக் கட்டைக்குச் செஞ்சது.

டன்னுங்கிறது ஆப்பைத் தள்ளுற விசை. 25 டன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அதை நம்புறதுக்கு முன்னாடி சிலிண்டர் உள் விட்டத்தைக் கேளுங்க. கணக்கு இதுதான்: பிஸ்டன் பரப்பளவை அழுத்தத்தால பெருக்கணும். 4 இஞ்சி சிலிண்டர்னா பரப்பு 12.57 சதுர இஞ்சி. சாதாரண கியர் பம்ப் 2500 பிஎஸ்ஐ, அதாவது சதுர இஞ்சிக்கு 2500 பவுண்டு அழுத்தம் குடுக்கும். பெருக்கினா 31,400 பவுண்டு, அதாவது 14 டன் சொச்சம். அதே பம்ப்ல 5 இஞ்சி சிலிண்டர்னா 22 டன். 4 இஞ்சியில 25 டன் வரணும்னா 4,300 பிஎஸ்ஐக்கு மேல வேணும், இந்த விலை மிஷின்ல அது கிடையாது.

இன்னொன்னு, 3 அடி அகலம், ஒன்றரை அடி நீளப் பச்சைக் கட்டை 200 கிலோவுக்கு மேல வரும். அதைத் தூக்கி மேடையில வைக்க முடியாது. மேடையைச் செங்குத்தா நிமிர்த்துற வகைதான் வேணும், கட்டையைத் தரையிலேயே உருட்டி ஆப்புக்கு அடியில வைக்கலாம். நாலு பிளவு ஆப்பைக் கழட்டிட்டு ஒத்தை ஆப்பு போடுங்க. மிஷின்லயும் விளிம்புலிருந்துதான் எடுக்கணும். மிஷின் தூங்குமூஞ்சியைப் பிளக்கிறதில்லை, கிழிக்குது. ரெண்டு துண்டையும் நார் பிடிச்சுத் தொங்கும், அதைப் பாராங்கால (நீளக் கத்தி) வெட்டி விடுங்க, கையால இழுக்காதீங்க.

ரெண்டு கட்டப் பம்ப் இருந்தா, கட்டையில முட்டினதும் வேகம் சட்டுனு குறையும். அது கோளாறு இல்லை. அழுத்தத்துக்காகப் பம்ப் குறைஞ்ச எண்ணெய்க்கு மாறுது. ஆனா ஆப்பு நின்னுபோச்சுன்னா 5 வினாடிக்கு மேல லீவரை அழுத்திப் பிடிக்காதீங்க. எண்ணெய் ரிலீஃப் வால்வு (மிஞ்சின அழுத்தத்தை விடுற வால்வு) வழியா சுத்திச் சூடேறும், சீல் போகும். பின்னால எடுத்து, கட்டையைத் தலைகீழாத் திருப்பி வச்சுப் பாருங்க.

நம்ம ஊர் வெயிலுக்கு ஐஎஸ்ஓ 46 ஹைட்ராலிக் எண்ணெய் போடுங்க, நாள் முழுக்க ஓட்டினா அதைவிடக் கெட்டியான 68. எண்ணெய் பால் மாதிரி வெளுத்தா தண்ணி கலந்திருக்கு, மாத்தியே ஆகணும். நுரை வந்தா பம்புக்கு வர்ற உறிஞ்சு ஹோஸ்ல காத்து இழுக்குது, கிளிப்பை இறுக்குங்க. ஹோஸ் கசியுதான்னு விரலால தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி ஓட்டை வழியா வர்ற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போகும். வலி கம்மியா தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரி, இல்லைன்னா விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டு வச்சுத்தான் பார்க்கணும்.

லயத்துவீடு
அண்ணன் சொன்ன கணக்கு சரி, ஆனா ஒரே ஒரு மரத்துக்காகக் கோயில் காசுல மிஷின் வாங்கணும்னு எனக்குத் தோணலை. சைன்சோதான் கையில இருக்கே. கட்டையைப் பட்டை தரையில படும்படி படுக்க வைங்க. சைன்சோ பாரை நார் ஓடுற திசைக்கு நீளவாக்குல வச்சு இறக்குங்க. தூள் வராது, நீள நீளமா நார் சுருளா வரும். அது ஸ்புராக்கெட் (சங்கிலியைச் சுத்துற பல்சக்கரம்) மூடிக்குள்ள அடைச்சுக்கும், ரெண்டு வெட்டுக்கு ஒருதரம் நிறுத்தி எடுத்திடுங்க. முக்கால் ஆழம் அறுத்ததும் நிறுத்தி அந்தக் கீறல்ல ஆப்பைப் போட்டா கட்டை ரெண்டாகும். நாலாக்கிட்டா அப்புறம் கோடாரியால விளிம்புலிருந்து எடுக்கலாம். கவை, கணு இருக்கிற கட்டையோட மல்லுக்கட்டாதீங்க. பக்கத்தைச் சீவிட்டு உருண்டையா பெரிய அண்டா அடுப்புக்கு வச்சிடுங்க, நின்னு எரியும்.

சிப்புட்காரன்
ரொம்ப நன்றி அண்ணே. வாடகைக்கு 5 இஞ்சி சிலிண்டர், நிமிர்த்துற வகை ஒன்னு ஈப்போவுல கிடைக்கும் போல. நடுக்கட்டையை எல்லாம் சேர்த்து வச்சு ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு பார்க்கிறேன். ஒருத்தர் கட்டையைப் பிடிக்க, ஒருத்தர் லீவர் இழுத்தா சீக்கிரம் ஆகுமா?

பட்டறை_அண்ணன்
வேண்டாம் தம்பி. கை நசுங்குறது பெரும்பாலும் அப்படித்தான். கட்டையை வைக்கிறவரே லீவரையும் இழுக்கணும். மத்தவங்க உருட்டிக் கொண்டு வரட்டும், பிளந்ததை எடுத்துப் போகட்டும், ஆப்பு ஓடும்போது நல்லாத் தள்ளி நிக்கட்டும். கட்டையோட ரெண்டு முகமும் சதுரமா அறுத்திருக்கான்னு பாருங்க. சாய்வா இருந்தா அழுத்தம் ஏறும்போது துள்ளி வெளியே வரும். வாடகைக்கு எடுக்கும்போது அங்கேயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பிஸ்டன் கம்பியில கீறல் இருக்கா, சீல் பக்கம் எண்ணெய் ஈரம் இருக்கான்னு துடைச்சுப் பார்த்துட்டு ஏத்துங்க.