சுகேசதா கையொப்பம் உள்ள கத்தானா: எதை வைத்து நம்புவது?

பழைய_இரும்பு:
வணக்கம். ஒரு கத்தானாவை, அதாவது ஜப்பானிய நீளவாளை, அடையாளம் காண உதவி வேண்டும். ஹபாக்கி (அலகின் அடியில் இருக்கும் உலோகப் பட்டை) உட்காரும் முதுகுப்பக்க வெட்டிலிருந்து முனைவரை நேர்கோட்டில் 62.4 செ.மீ., வளைவு 1.9 செ.மீ. பிடிக்குள் போகும் நக்காகோ குட்டை, 15 செ.மீ.தான் இருக்கிறது. ஆணித்துளை இரண்டு. ஒரு பக்கத்தில் "பிஷூ ஒசாபுனே சுகேசதா" என்று கொல்லரின் ஊரும் பெயரும் ஆறு ஜப்பானிய எழுத்தில், மறுபக்கத்தில் "தென்புன் ஐந்தாம் ஆண்டு, எட்டாம் மாதம்" என்று தேதி. நக்காகோவில் கருந்துரு, ஓரத்தில் கொஞ்சம் செந்துரு. அலகு மங்கலாக இருக்கிறது, ஆனால் ஹமோன் (வெட்டுவாயோரம் ஓடும் பதக்கோடு) தெரிகிறது. சுபா (கைக்காப்புத் தட்டு) இரும்பு, ஊடுருவி வெட்டிய வேலைப்பாடு.

கையொப்பம் அசலா? செந்துருவை எடுக்கலாமா? சுபா வார்ப்பா, அடித்துச் செய்ததா என்று எப்படிப் பார்ப்பது? பிடியை மறுபடி கழற்றும்போது இறுக்கமாக வருகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

மூங்கில்முளை:
முதலில் நக்காகோவை எதனாலும் தேய்க்காதீர்கள். செந்துருவையும் விட்டுவிடுங்கள். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். வாளின் வயதைச் சொல்லும் முதல் சாட்சி அந்தத் துருதான். எமரித்தாளோ, துருநீக்கி திரவமோ பட்டால் அந்தச் சாட்சி போய்விடும், பிறகு எந்த நிபுணராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வாளின் மதிப்பும் அதோடு விழும்.

பிடி கழற்றும் விதம்: மெகுகி என்ற மூங்கில் முளை ஒருபக்கம் பருமன், மறுபக்கம் ஒல்லி. ஒல்லிப் பக்கத்திலிருந்து தட்டினால்தான் வெளியே வரும். பருமனான பக்கத்தில் தட்டினால் இன்னும் இறுகும், துளையைச் சுற்றிப் பிடியின் மரம் பிளக்கும். முளை வந்ததும் இடது கையால் பிடியின் அடிப்பகுதியைப் பிடித்து, முனை மேல்நோக்கி, உடலைவிட்டுச் சற்று சாய்த்து நிறுத்துங்கள். வலது கை முஷ்டியால் இடது மணிக்கட்டுப் பக்கம் மெதுவாகக் குத்துங்கள். அதிர்வில் அலகு கொஞ்சம் கொஞ்சமாக எழும். தந்தோ என்ற குட்டைக் கத்தியில் ஓங்கிக் குத்தினால் அலகு துள்ளி விழும், அதனால் கவனம். அசையவே இல்லை என்றால் சுத்தியலால் சுபாவை அடிக்காதீர்கள். சுபாவுக்கு எதிராக வைத்துத் தட்டுவதற்கென்றே வாய் வெட்டிய மரக்கட்டை உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

கழற்றிய வரிசையிலேயே செப்பா (சுபாவின் இருபுறமும் வரும் மெல்லிய தகடு), சுபா, செப்பா, ஹபாக்கி என்று துணிமேல் அடுக்கி வையுங்கள். முன் செப்பாவும் பின் செப்பாவும் மாறினால் பிடி ஆட ஆரம்பிக்கும்.

ஒசாபுனே_ரசிகன்:
கையொப்பத்துக்கு முன்னால் உருவத்தைப் பாருங்கள். 2 ஷாக்கு, அதாவது 60.6 செ.மீ.க்கு மேல் நீளம், குட்டை நக்காகோ: இது ஒற்றைக் கையால் உருவி வெட்டச் செய்த 16ஆம் நூற்றாண்டு வாளுக்குப் பொருந்துகிறது. வளைவு அடியில் இல்லாமல் முனைப்பக்கம் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் அதுவும் அந்தக் காலத்துப் போக்குதான். தென்புன் என்பது ஜப்பானிய ஆண்டுக்கணக்கின் ஒரு காலப்பெயர், தென்புன் 5 என்றால் 1536. "எட்டாம் மாதம்" என்பதை வைத்து அந்த மாதத்தில்தான் அடித்தார்கள் என்று எடுக்க வேண்டாம். இரண்டாம் மாதம், எட்டாம் மாதம் என்று வெட்டுவது வழக்கமாகிப்போன ஒன்று.

இனி பெயர். சுகேசதா ஒரே ஆள் அல்ல. பிசென் மாகாணத்தின் ஒசாபுனேயில், இன்றைய ஒகயாமா மாநிலத்தில், இந்தப் பெயரில் பல கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். உள்நாட்டுப் போர்க்காலம். படைகளுக்குக் கட்டுக்கட்டாக வாள் தேவைப்பட்டது. அப்படி மொத்தமாக அடித்தவற்றைக் கசூஉச்சி என்பார்கள், அவற்றில் "பிஷூ ஒசாபுனே சுகேசதா" என்று சுருக்கமாக வெட்டினார்கள், பிஷூ என்பது பிசெனின் சுருக்கம். தனிப்பட்ட ஒருவருக்காக அக்கறையாக அடித்த வாளில் "பிசென் நோ குனி" என்று மாகாணப் பெயர் முழுதாக இருக்கும், கொல்லரின் சொந்தப் பெயரும் சேரும். யோசோசாஎமொன்னோஜோ சுகேசதா அதற்குப் பெயர்போனவர். போலிக் கையொப்பம் அதிகம் விழுவதும் அவர் பெயரில்தான். உங்களுடையது சுருக்க வடிவம். சாதாரண வாளில் சாதாரணப் பெயரை யாரும் கஷ்டப்பட்டுப் போலியாக வெட்டமாட்டார்கள் என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் தேதியைப் பின்னால் சேர்த்திருக்கலாம், அதைத் தனியாகச் சோதியுங்கள்.

10 மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். உளி போன இடத்தில் இரும்பு இருபக்கமும் சிறு வரம்பாக எழும்பியிருக்கும். பழைய கையொப்பத்தில் அந்த வரம்பு மழுங்கி, எழுத்தின் குழிக்குள்ளும் சுற்றியுள்ள அதே நிறத் துரு படிந்திருக்கும். வரம்பு கூர்மையாக நின்றாலோ, வெளியே கருப்பும் குழிக்குள் காவி நிறமும் இருந்தாலோ சந்தேகப்படுங்கள். அரத்தின் கோடுகள் எழுத்தைத் தாண்டித் தொடர்ச்சியாக ஓடுகின்றனவா என்றும் கவனியுங்கள்.

எந்தப் பக்கம் கையொப்பம்? முனை மேலே, வெட்டுவாய் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். அப்போது உங்களைப் பார்த்து இருக்கும் முகத்தில் பெயர் இருந்தால் அது கத்தானா முறை. எதிர்முகத்தில் இருந்தால் தாச்சி (வெட்டுவாய் கீழே இருக்கும்படி தொங்கவிடும் பழைய வாள்) முறை. தென்புன் காலத்து ஒசாபுனேக்குக் கத்தானா முறைதான் எதிர்பார்க்க வேண்டும்.

இரண்டு துளை குறையல்ல, பிடி மாற்றியதற்கான அடையாளமாக இருக்கலாம். பழைய துளை உளியால் குத்தியது, விளிம்பு சற்றுக் கோணலாக இருக்கும். அச்சடித்தாற்போல் வட்டமாக இருந்தால் துளைப்பான் கொண்டு பிற்காலத்தில் போட்டது.

கடைசியாக, நிஜமாகவே பயப்பட வேண்டியது ஹகிரே. வெட்டுவாயிலிருந்து முதுகை நோக்கிச் செங்குத்தாகப் போகும் தலைமுடி போன்ற விரிசல். ஒற்றை விளக்கை ஓரமாக வைத்து, அலகை மெல்லத் திருப்பிக்கொண்டே முழு நீளமும் பாருங்கள். ஒன்று இருந்தாலும் பட்டை தீட்டப் பணம் செலவழிக்காதீர்கள். நீளவாக்கில் ஓடும் சிறு பிளவுகள் வேறு. கசூஉச்சி வாள்களில் இரும்பு சரியாக ஒட்டாமல் அவை சாதாரணமாக வரும், ஆபத்தில்லை.

கறுப்புத்தாமிரம்:
சுபாவுக்கு வருகிறேன். ஊடுருவி வெட்டிய துவாரங்களின் உட்சுவரைப் பாருங்கள், முகத்தை அல்ல. கையால் வெட்டிய சுவர் நேராக இறங்கும், அர அடையாளம் தெரியும். வார்ப்பில் மூலைகள் உருண்டு, சுவரின் நடுவே மெல்லிய தையல்கோடு ஓடும், குமிழித் துளைகளும் இருக்கும். நடுத்துளையின் மேலும் கீழும் செம்புத் துண்டு செருகி, உளியால் தட்டி அலகுக்கு இறுக்கியிருந்தால் அது உண்மையில் வாளில் ஏறி இறங்கியது. செம்பு இல்லாததால் மட்டும் போலி என்று சொல்லமுடியாது.

சுபாவின் செந்துருவை மட்டும் எடுக்கலாம். கம்பிநார் வேண்டாம். மான்கொம்பு அல்லது எலும்பைச் சீவி, துளி எண்ணெய் விட்டு, புள்ளி புள்ளியாகத் தேயுங்கள். வாரக்கணக்கில் ஆகும். அடியில் இருக்கும் கருமை தெரிந்ததும் நிறுத்துங்கள். பிடியின் ஃபுச்சி (சுபா பக்க வளையம்), கஷிரா (அடிமூடி) ஷாக்குதோவாக இருந்தால் தொடவே வேண்டாம். அது சில சதவீதம் தங்கம் கலந்த செம்பு, அந்த நீலம் பாய்ந்த கருமை மேல்பரப்பில் மட்டுமே இருக்கிறது. பித்தளை பாலிஷ் ஒரு தடவை பட்டால் வெறும் செம்புதான் மிச்சம்.

பழைய_இரும்பு:
மிக்க நன்றி. பெயர் கத்தானா முறையில்தான் இருக்கிறது, குழிக்குள்ளும் அதே கருமை. உச்சிகோ பொடி போட்டு மங்கலைப் போக்கலாமா? பதிவுச்சீட்டு ஒன்றும் வாளோடு இருக்கிறது.

மூங்கில்முளை:
வேண்டாம். உச்சிகோ என்பது பட்டைக்கல் தூள், திரும்பத் திரும்பப் போட்டால் பட்டையே மங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பழைய எண்ணெயைத் துடைத்து, புதிய சோஜி எண்ணெயை (வாளுக்கான கிராம்பு மண எண்ணெய்) மென்படலமாகப் பூசுங்கள். வழிந்தால் அதிகம், உறையின் மரத்தில் ஊறிவிடும். அதன்பிறகும் மங்கல் நிற்கிறது என்றால் அது பட்டைக்காரரின் வேலை.

ஒசாபுனே_ரசிகன்:
பதிவுச்சீட்டை அசல் சான்றிதழ் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் வாளை வைத்திருக்கச் சட்டப்படி வேண்டிய தாள் அது. நீளம், வளைவு, துளைகள், கையொப்பத்தின் எழுத்துகள் அதில் இருக்கும். கையொப்பம் உண்மையா என்று அது சொல்லாது. வாள் நாட்டைவிட்டு வெளியே போகும்போது அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, கலாசார முகமையின் ஏற்றுமதி அனுமதி வாங்க வேண்டும். வாள் ஜப்பானுக்கு வெளியே இருந்தும் சீட்டு கூடவே இருக்கிறது என்றால், அது எப்படி வெளியே வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். சீட்டிலுள்ள அளவு உங்கள் 62.4-உடன் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

கையொப்பத்துக்குத் தீர்ப்பு வேண்டுமானால் 1948இல் தொடங்கிய ஜப்பானிய கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஹோசோன் (பாதுகாக்கத் தகுந்தது) என்ற சான்றுத்தாள் கிடைத்தாலே இந்த வாளுக்குப் போதுமானது. நக்காகோவின் இரு முகத்தையும், நேராகவும் பக்கவாட்டு வெளிச்சத்திலும் படமெடுத்துப் போடுங்கள், தேதி எழுத்துகளைச் சேர்ந்து பார்ப்போம்.