‘பெர்மனன்ட்’ என்று டாக்டர் எழுதவில்லை, நான் போடலாமா?

மார்த்தாண்டம் கோடர்
டாக்டர் குறிப்பைப் படித்து நோய்க்கான குறியீட்டு எண்ணைப் போடும் மெடிக்கல் கோடிங் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. நேற்று ஒரு சார்ட்டில் பிழை வாங்கினேன். அமெரிக்க இதய மருத்துவர் ஒருவரின் புறநோயாளிக் குறிப்பு அது. வயதான பெண்மணி, ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன், அதாவது இதயத் துடிப்பின் தாளம் தாறுமாறாகும் நோய், சுருக்கமாக ஏஃபிப். நோய் வரலாற்றில், ‘பெர்சிஸ்டன்ட் ஏஃபிப். இரண்டு முறை கார்டியோவெர்ஷன் (ஷாக் கொடுத்துத் தாளத்தைத் திருப்புவது) செய்தும் சில வாரங்களில் திரும்பிவிட்டது. இனி தாளத்தைச் சீராக்க முயல்வதில்லை, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவது என்று நோயாளியும் நானும் முடிவுசெய்தோம்’ என்று இருக்கிறது. கடைசியில் மதிப்பீட்டில் ஒரே வரி: ‘க்ரானிக் ஏஃபிப். மெட்டோப்ரோலால், அபிக்ஸபான் தொடரவும்.’ முதலாவது வேகத்தைக் குறைக்கும் மருந்து, இரண்டாவது ரத்தம் உறையாமல் தடுப்பது. நான் பெர்மனன்டுக்கான ஐ48.21 போட்டேன். ஆடிட்டர் ஐ48.20 (க்ரானிக், அதாவது நாள்பட்டது, வகை சொல்லாதது) என்று திருத்தியிருக்கிறார். எது சரி?

வடசேரி நைட் ஷிப்ட்
ஆடிட்டர் சொன்னதுதான் சரி, தம்பி. ஐ48.21 என்றால் பெர்மனன்ட். அந்தச் சொல் சார்ட்டில் எங்கே இருக்கிறது? டாக்டர் எழுதாததை நாம் எழுதினால் அது நோயறிதல், கோடிங் அல்ல.

தக்கலை நர்ஸ்
நான் இதய வார்டில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டுக் கோடிங்குக்கு வந்தவள். ஏழு நாளுக்குள் அடங்கினால் பராக்சிஸ்மல். அதைத் தாண்டினால் பெர்சிஸ்டன்ட். 12 மாதத்துக்கு மேல் நீடித்தால் லாங்ஸ்டாண்டிங் பெர்சிஸ்டன்ட். தாளத்தை இனி திருப்ப வேண்டாம் என்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுத்தால் பெர்மனன்ட். இந்த டாக்டர் அந்த விளக்கத்தையே வரி வரியாக எழுதியிருக்கிறார். பெயரை மட்டும் விட்டதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?

வடசேரி நைட் ஷிப்ட்
மூட வேண்டும், அக்கா. காய்ச்சல், இருமல், எக்ஸ்ரேயில் வெள்ளைப் படலம் எல்லாம் இருந்தாலும் ‘நிமோனியா’ என்று டாக்டர் எழுதாமல் நீங்கள் போடுவீர்களா?

தக்கலை நர்ஸ்
அது வேறு. அங்கே நாம் அறிகுறியிலிருந்து நோயை ஊகிக்கிறோம். இங்கே நோய் எழுதியிருக்கிறது, வகைதான் மிச்சம்.

குளச்சல் கடற்காற்று
இரண்டு பேரும் ஐ48.19-ஐ, அதாவது லாங்ஸ்டாண்டிங் அல்லாத பெர்சிஸ்டன்டை, மறந்துவிட்டீர்கள். 2019 அக்டோபர் 1 முதல் ஐ48.1, ஐ48.11 (லாங்ஸ்டாண்டிங் பெர்சிஸ்டன்ட்) என்றும் ஐ48.19 என்றும் பிரிந்தது. ஐ48.2, ஐ48.20 என்றும் ஐ48.21 என்றும் பிரிந்தது. கோடு புத்தகத்தைத் திறந்து ஐ48.20-இன் கீழே பாருங்கள். ‘க்ரானிக் பெர்சிஸ்டன்ட்’ இங்கே வராது, ஐ48.19-க்குப் போ என்று விலக்குக் குறிப்பே இருக்கிறது. ஒரே சார்ட்டில் க்ரானிக், பெர்சிஸ்டன்ட் இரண்டும் இருக்கின்றன. க்ரானிக் பொத்தாம்பொதுவான சொல், பெர்சிஸ்டன்ட் வகையைச் சொல்கிறது. ஆகவே ஆடிட்டருக்கும் பிழை போடலாம்.

வடசேரி நைட் ஷிப்ட்
பெர்சிஸ்டன்ட் பழைய கதையாக இருந்தால்? ஷாக் கொடுத்த காலத்தில் அது பெர்சிஸ்டன்ட். இன்றைய நிலை மதிப்பீட்டில்தான் இருக்கிறது. மேலேயிருந்து ஒரு சொல், கீழேயிருந்து ஒரு சொல் என்று பொறுக்கி ஒட்டினால் எந்தக் கோடும் வரும். ஐ48.19 உள்நோயாளிக் கணக்கில் கட்டணத்தைக் கூட்டக்கூடிய கோடு, வகையே சொல்லாத ஏஃபிப்புக்கான ஐ48.91 அப்படி அல்ல. இந்தக் குடும்பத்தில் கை வைக்கும்போது பயம் வேண்டும்.

கோட்டாறு மிளகாய்
அப்பாவின் காப்பீட்டுப் படிவத்தில் நாகர்கோவில் மருத்துவமனை வெறும் ஐ48.2 என்று போட்டிருந்தது. பணம் வந்துவிட்டது. நீங்கள் ஏன் அடுத்த இலக்கத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள்?

குளச்சல் கடற்காற்று
அது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10. அதில் ஐ48.2-க்குக் கீழே பிரிவு கிடையாது. நாங்கள் பார்ப்பது அமெரிக்காவின் சிஎம் பதிப்பு. இங்கே ஐ48.2 என்று நிறுத்தினால் கிளெய்ம் திரும்பி வரும்.

தக்கலை நர்ஸ்
சரி, டாக்டரிடம் கேள்வி அனுப்புங்கள். ஆனால் ‘பெர்மனன்ட்தானே?’ என்று வாயில் ஊட்டக்கூடாது. பெர்சிஸ்டன்ட், லாங்ஸ்டாண்டிங் பெர்சிஸ்டன்ட், பெர்மனன்ட், வேறு, தீர்மானிக்க இயலவில்லை என்று எல்லா வாய்ப்பையும் கொடுங்கள். இன்னொன்று: அபிக்ஸபான் தொடர்கிறதே, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நீண்டகாலம் எடுப்பதற்கான இசட்79.01 போட்டீர்களா? இத்தனை பேர் பேசியும் யாரும் கேட்கவில்லை.

மார்த்தாண்டம் கோடர்
போடவில்லை, அக்கா. ஆடிட்டரும் கவனிக்கவில்லை. கேள்வியை அனுப்பிவிட்டேன்.

மார்த்தாண்டம் கோடர் (நான்கு நாள் கழித்து)
பதில் வந்தது. ‘வேறு’ என்பதில் டிக் அடித்து, பக்கத்தில் எழுதியிருக்கிறார்: ‘க்ரானிக். ஏற்கெனவே எழுதியிருக்கிறேனே.’

வடசேரி நைட் ஷிப்ட்
ஐ48.20.

குளச்சல் கடற்காற்று
மேலே ‘பெர்சிஸ்டன்ட்’ இன்னும் அப்படியே இருக்கிறது. ஐ48.19.