தடுப்பூசிக்கு முன்னால் நார்ச்சத்துத் தூள்: பலன் உண்டா, வீண் வேலையா?

மழைக்குருவி கேட்டது:

அப்பாவுக்கு 71 வயது. இன்னும் மூன்று வாரத்தில் ஃப்ளூ தடுப்பூசி போட நாள் குறித்திருக்கிறோம். ஆறேழு வருடமாக ஒரு வருடமும் விட்டதில்லை. இந்த முறை நடுவில் கடைவாய்ப்பல் சீழ் கட்டிக்கொண்டது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக். நேற்றுதான் அட்டையைக் காலி செய்தார்.

ஆன்டிபயாடிக் குடல் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், பாக்டீரியா இல்லாவிட்டால் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, நார்ச்சத்து சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காணொளியில் கேட்டேன். கேட்ட வேகத்தில் இன்யூலின் என்ற நார்ச்சத்துத் தூள் ஒரு டப்பா வாங்கியும் விட்டேன். அப்பா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது சாப்பிடுறதா, சுவத்துக்கு அடிக்கிறதா?" என்கிறார்.

தூளால் உண்மையிலேயே பலன் உண்டா? மூன்று வாரம் போதுமா? இல்லை, குடல் தேறும்வரை ஊசியைத் தள்ளிப்போட வேண்டுமா?

நாலாம்ஜாமம்:

எல்லாம் எலிக்கதை. தூளை மூடி வைத்துவிட்டு, குறித்த நாளில் போய் ஊசியைப் போடுங்கள்.

குழித்தட்டு:

நாலாம்ஜாமம் சொன்ன முடிவு சரி, காரணம் பாதிதான் சரி. எலியில் தொடங்கிய கதைதான், ஆனால் எலியோடு நின்றுவிடவில்லை.

நான் பதினோரு வருடம் நோய்த்தடுப்பியல் ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தவள். ஃப்ளூ ஊசி எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஊசி போட்டவரின் சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) வரிசையாகப் பாதி பாதியாக நீர்க்கவைத்து, வைரஸைச் சேர்த்து, கடைசியில் சிவப்பணுக்களை விடுவோம். எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருந்தால் அது வைரஸின் கையைக் கட்டிப்போட்டுவிடும்; சிவப்பணுக்கள் குழியின் அடியில் குங்குமப் பொட்டு மாதிரி வந்து உட்காரும். இல்லாவிட்டால் வைரஸ் அணுக்களைக் கோத்துப் பிடித்துக் குழி முழுக்கப் பரப்பிவிடும், பொட்டு விழாது. 40 மடங்கு நீர்த்த பிறகும் பொட்டு தெரிந்தால் ஓரளவு பாதுகாப்பு என்று கணக்கு. ஒரே வயது, ஒரே ஊசி. ஒருவருக்கு 20-லேயே பொட்டு கலைந்துவிடும், பக்கத்து வரிசைக்காரருக்கு 640 வரை போகும். ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் சிலர்தான் குடல் பக்கம் போனார்கள்.

2014-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழு ஒன்று, குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளுக்கும் ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்தது. எதிர்ப்பொருள் குறைந்தது. சில பாக்டீரியாக்களின் வாலில் இருக்கும் ஃப்ளாஜெலின் என்ற புரதத்தை உடம்பு மோப்பம் பிடிப்பதுதான் ஊசிக்கு ஒரு கூடுதல் தட்டு தட்டிக் கொடுக்கிறது என்று கண்டார்கள்.

நார்ச்சத்து வருவது இன்னொரு வழியில். நம்மால் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்கவைத்து அசிட்டேட், ப்ரோப்பியோனேட், ப்யூட்டிரேட் என்ற குட்டிக் கொழுப்பு அமிலங்களாக்கும். (ப்யூட்டிரிக் அமில பாட்டிலைத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெயும் வாந்தியும் கலந்த ஒரு நாற்றம். நான் திறந்த நாளில் பக்கத்து அறையிலிருந்து ஆள் அனுப்பித் திட்டினார்கள்.) இவற்றில் பெரும்பகுதியைக் குடலும் ஈரலுமே தீர்த்துவிடும், மிச்சம், முக்கியமாக அசிட்டேட், ரத்தத்துக்கு வரும். எதிர்ப்பொருள் சுரக்கும் செல் என்பது விநாடிக்கு ஆயிரக்கணக்கில் புரதத்தைத் துப்பும் தொழிற்சாலை. அதற்கு எரிபொருள் வேண்டும். இந்த அமிலங்கள், எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லாக மாறுகிற பி செல் என்ற வெள்ளணுவுக்கு அந்த எரிபொருளையும் கொடுத்து, எதிர்ப்பொருள் சுரக்கத் தேவையான மரபணுக்களையும் திறந்துவிடுகின்றன என்று 2016-இல் செல் ஹோஸ்ட் அண்ட் மைக்ரோப் இதழில் ஒரு எலி ஆய்வு வந்தது. நார் குறைந்த தீனி தின்ற எலிகளுக்கு எதிர்ப்பொருள் குறைவு.

இங்கேதான் காணொளிக்காரர்கள் நிறுத்திவிடுவார்கள். 2020-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்த இன்னொரு ஆய்வில், அதே ப்யூட்டிரேட்டும் ப்ரோப்பியோனேட்டும் அளவு கூடியபோது பி செல்லின் வேலையை அடக்கின. அளவு குறைவாக இருந்தபோதுதான் கொஞ்சம் உதவின. ஆகவே கரண்டி கரண்டியாகக் கொட்டினால் கூடுதல் லாபம் என்று கணக்குப் போட முடியாது.

மனிதர்களில் 2019-இல் செல் இதழில் வந்ததுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நியோமைசின், வான்கோமைசின், மெட்ரோனிடசோல் மூன்றையும் சேர்த்து ஐந்து நாள் கொடுத்து, இடையில் ஃப்ளூ ஊசி போட்டார்கள். குடல் பாக்டீரியா பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. அப்படியும், ஏற்கெனவே ஃப்ளூ எதிர்ப்பொருள் கையிருப்பு இருந்தவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. கையிருப்பு குறைவாக இருந்த 11 பேர் கொண்ட சின்னக் குழுவில்தான் எச்1என்1 என்ற ஃப்ளூ வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் குறைந்தது.

உங்கள் அப்பா வருடா வருடம் போட்டுக்கொள்பவர். பல்லுக்குச் சாப்பிட்டதை அந்த மூன்று மருந்துக் கலவையோடு சேர்த்துப் பேசவே முடியாது. தள்ளிப்போடாதீர்கள். ஆன்டிபயாடிக் முடிந்த பின் இடைவெளி விட வேண்டிய தடுப்பூசி ஒன்று இருந்தது: வாய்வழி டைஃபாய்டு மாத்திரை. அது உயிருள்ள பாக்டீரியா, மருந்து அதையே கொன்றுவிடும் என்பதால் குறைந்தது மூன்று நாள் காத்திருக்கச் சொல்வார்கள். ஃப்ளூ ஊசிக்கு அந்தக் கவலை இல்லை.

கைப்பிடிவாழை:

தூள் அனுபவஸ்தன் பேசுகிறேன். முதல் நாளே டப்பாவில் போட்டிருந்த முழு அளவையும் கலக்கிக் குடித்தேன். மாலையில் அலுவலகக் கூட்டம். வயிற்றுக்குள் பேருந்து கியர் மாற்றுகிற சத்தம், பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கால் கரண்டியிலிருந்து மறுபடி ஆரம்பித்து, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றினேன். தண்ணீர் கூடவே வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான் கூடும். அப்பா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா? அதையும் நாரையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டாம், மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது.

நாலாம்ஜாமம்:

குழித்தட்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடலைச் சரிசெய்தால் தடுப்பூசி பிடிக்கும் என்பதை நேரடியாகவே சோதித்தார்களே? வேலூரில் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்துவிட்டுப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள், 2016-இல் வெளிவந்தது. குடலில் இருந்த கெட்ட பாக்டீரியா குறைந்தது. சொட்டு மருந்து கூடுதலாகப் பிடித்ததா? இல்லை.

குழித்தட்டு:

நல்ல அடி. அந்த ஆய்வை நானே சொல்லியிருக்க வேண்டும். அது கெட்டதைக் குறைத்துப் பார்த்த சோதனை. நாரைக் கூட்டிப் பார்த்தது அல்ல. ஆனாலும் "குடலைத் தொட்டால் போதும், ஊசி பிடித்துவிடும்" என்கிற பேச்சுக்கு அது நல்ல கடிவாளம்.

நார் பக்கமும் ஒன்று சொல்கிறேன். 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு நார் மிகுந்த உணவு, மறு பாதிக்குப் புளிக்கவைத்த உணவு கொடுத்தார்கள். பாக்டீரியா வகைகள் பெருகியது புளித்த உணவுக்காரர்களிடம்தான். நார்க்காரர்களிடம் பத்து வாரத்திலும் அந்த எண்ணிக்கை கூடவில்லை. அதில் தடுப்பூசி சோதிக்கப்படவில்லை, ஆனால் மூன்று வாரத்தில் ஒரு டப்பா தூளால் 71 வயதுக் குடலைப் புதுப்பிக்கலாம் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பருப்பு, முழுதானியம், காய், பழம் என்று தட்டிலேயே அது வரட்டும். தடுப்பூசிக்காகத் தூக்கத்தையும் கவனியுங்கள்: 2002-இல் வந்த ஆய்வில், ஊசிக்கு முன்னும் பின்னும் இரவுக்கு நாலு மணி நேரமே தூங்கியவர்களுக்குப் பத்தாம் நாளில் எதிர்ப்பொருள் பாதிக்கும் குறைவு. பல்வலியில் அப்பா ராத்திரி தூங்குகிறாரா?

மழைக்குருவி:

தூங்கவில்லை, அதுதான் விஷயம். நாளைக்கே பல் டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போகிறேன். ஊசித் தேதியை மாற்றவில்லை. தைராய்டு மாத்திரை இல்லை, கேட்டதற்கு நன்றி. தூள் டப்பாவை அப்பா என் அறை மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே கால் கரண்டி ஒன்றும் போட்டு.