ஹேவ்லாக்கில் ஸ்கூபா படகு: பையில் என்ன எடுத்துப் போவது?

மதுரைப்பொண்ணு:
வரும் ஜனவரியில் நானும் கணவரும் அந்தமான் போகிறோம். ஹேவ்லாக்கில் ஒரு நாள் படகில் போய் இரண்டு டைவ். இருவருக்கும் இதுதான் முதல் தடவை. மாஸ்க், ஃபின்ஸ், வெட்சூட், டேங்க் எல்லாம் அவர்களே தருவார்களாம். அப்படியென்றால் நாங்கள் என்ன கொண்டுபோக வேண்டும்? கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு நாலடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது. கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும். கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

நீலக்கடல்:
தண்ணீருக்குள் வேண்டியதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் பை, முதல் டைவ் முடிந்து அடுத்ததற்காகப் படகில் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு. நனைந்த உடம்போடு, காற்றில் உட்கார்ந்திருப்பீர்கள். கடல் நீர் 28 டிகிரி இருந்தாலும், முக்கால் மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு மேலே வந்தால் பல் தந்தியடிக்கும். முதல் தடவை நான் ஒரு டர்க்கி டவலோடு போனேன். ஒரு தடவை துடைத்ததுமே ஈரத்தைக் குடித்துக் கல் மாதிரி கனத்தது, சாயங்காலம் வரை காயவில்லை. இப்போதெல்லாம் ஈரிழைத் துண்டு இரண்டு. பிழிந்து கம்பியில் கட்டினால் அரை மணியில் காய்ந்துவிடும். அதோடு ஒரு விண்ட்சீட்டர். அப்புறம், தொளதொளவென்று ஒரு பழைய காட்டன் நைட்டி. படகில் உடை மாற்ற மறைவிடம் இருக்காது. நைட்டியைத் தலைவழியே போட்டுக்கொண்டு உள்ளேயே மாற்றிவிடலாம்.

கண்ணாடி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டுக் குதித்தேன். திரும்பி வந்து பார்த்தால், அதன் மேல் யாரோ ஈயக்கட்டி கோத்த வெயிட் பெல்ட்டை வைத்திருந்தார்கள். ஒரு காம்பு தனியாகக் கிடந்தது, இடது கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. மீதி மூன்று நாளும் அந்தமானை மங்கலாகத்தான் பார்த்தேன். அதனால் கெட்டியான டப்பா கட்டாயம், பழைய கண்ணாடி ஒன்றும் கூடவே இருக்கட்டும். பவர் மாஸ்க் இருக்கிறதா என்று டைவ் கடையில் இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் போட்டு எறியும் மென்மையான லென்ஸ் போதும். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

வாந்திக்கு அவோமின் மாதிரி மாத்திரை வேலை செய்யும், ஆனால் தூக்கம் வரும். டாக்டரைக் கேட்டுவிட்டு, ஊரிலேயே ஒரு கொடைக்கானல் பயணத்தில் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரியாமல் டைவ் நாளில் முதல் தடவையாகப் போடாதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், பூரியும் வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். படகில் நடுவில் உட்கார்ந்து, தொடுவானத்தையே பாருங்கள். அந்த நேரத்தில் ஃபோனைக் குனிந்து பார்த்தால் குமட்டல் கூடும்.

சன்ஸ்கிரீனை அறையிலேயே பூசிவிடுங்கள். நெற்றியில் மட்டும் வேண்டாம், மாஸ்க்குக்குள் வழிந்து கண் எரியும். அன்றைக்குத் தலைக்கு எண்ணெயும் கூடாது, மாஸ்க் பட்டை வழுக்கும்.

பாண்டிக்காரன்:
உங்கள் கணவருக்கு ஒன்று. மீசை அடர்த்தியாக இருந்தால் மாஸ்க் அதன் வழியே ஒழுகும். மூக்குக்குக் கீழே ஓர் அரிசி அகலம் மழித்துவிட்டால் சரியாகிவிடும். நான் மூன்று டைவ் அவதிப்பட்ட பிறகுதான் செய்தேன்.

ஆஸ்துமா, காது ஆபரேஷன், பிரஷர் மாத்திரை ஏதாவது உண்டென்றால் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். டாக்டரின் கையெழுத்தை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். சளி இருந்தால் காது அடைப்பு விடாது, அன்றைக்கு இறங்கவே கூடாது. இரண்டு டைவ் அடித்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரைப்பொண்ணு:
நன்றி அண்ணா. நீலக்கடல் அக்கா, இன்னொன்று. தாலியை என்ன செய்வீர்கள்? மாமியாரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

நீலக்கடல்:
தங்கச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போவேன். வெட்சூட் ஜிப்பை மேலே இழுத்தால் உள்ளே அடங்கிவிடும், எதிலும் மாட்டாது. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், நீரில் விரல் சுருங்கி நழுவும். மெட்டியையும்தான். ஃபின்ஸுக்குள் அது பக்கத்து விரலைக் கடித்து எனக்கு ரத்தமே வந்திருக்கிறது.