கடலோரத்தில் தினசரி ஓட்டத்துக்கு எந்த ரிம்? (26 இஞ்ச் வண்டி)

நாகை_மிதி:

வணக்கம். நாகப்பட்டினத்தில் வீடு, வேளாங்கண்ணியில் ஒரு விடுதியில் கணக்கு எழுதும் வேலை. தினமும் சைக்கிள்தான், போக வர இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். பஸ்ஸில் போகலாமே என்று கேட்காதீர்கள். நான் வேலை முடித்துக் கிளம்பும் நேரத்தில் அதில் நிற்கக்கூட இடம் இருக்காது.

வண்டி 26 இஞ்ச், கியர் இல்லாத எம்டிபி (மலைச் சைக்கிள்) மாடல், வி-பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுவது), டயர் 26×1.95. ஆறு வருடமாகிறது. என் எடை 84 கிலோ. மாதத்தில் ஒரு தடவை கேரியரில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஏறும்.

பிரச்சினை பின் ரிம். வாங்கும்போது முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த க்ரோம் ஸ்டீல் ரிம். இரண்டாவது மழைக்காலத்திலேயே நிப்பிள் (சக்கரக் கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் திருகு) உட்காரும் ஓட்டைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்தது. தேங்காயெண்ணெய் தடவினேன், எண்ணெய்தான் வீண். போன மாதம் வேலை முடிந்து வரும்போது பின்னாலிருந்து டங்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் கம்பி உடையவில்லை. ஒரு நிப்பிள் தலையோடு ரிம்மைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து தொங்குகிறது. வீட்டுக்கு வந்து டயரைக் கழற்றினேன், உள்ளேயிருந்து துருப் பொருக்கு ஒரு கைப்பிடி கொட்டியது.

மறுநாள் கடைக்குப் போய் "26 ரிம் ஒன்று கொடுங்கள்" என்று வாங்கி வந்தேன். டயர் ஏறவே இல்லை. அரை மணி நேரம் போராடியதில் சாப்பாட்டுக் கரண்டி இரண்டு வளைந்ததுதான் மிச்சம். கீறல் விழுந்துவிட்டது என்று கடையில் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்கிறார்கள். அந்த ரிம் இப்போது கொல்லைச் சுவரில் தொங்குகிறது. வீட்டம்மா அதில் பாகற்கொடி ஏற்றிவிட்டாள்.

மறுபடி ஸ்டீல் போடவா, அலாய்க்கு (அலுமினியக் கலவை) போகவா? டபுள் வால், சிங்கிள் வால் என்கிறார்களே, என் மாதிரி ஆளுக்கு அதெல்லாம் வேண்டுமா? இரண்டு சக்கரத்துக்கும் கூலியோடு சேர்த்து மூவாயிரம் தாண்டக்கூடாது.

கோட்டம்_எடுப்பவன்:

தம்பி, முதலில் பாகற்கொடி விஷயத்தை முடித்துவிடுவோம். கும்பகோணத்தில் முப்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இந்த 26 குழப்பத்தில் சிக்கி வருஷத்துக்கு நாலு பேராவது என் கடைக்கு வருவார்கள்.

26 இஞ்ச் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே 26 இல்லை. உங்கள் டயரின் பக்கவாட்டில் துடைத்துப் பாருங்கள், 50-559 என்று சின்னதாக இருக்கும். 50 டயரின் அகலம், 559 அது உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். லேடீஸ் வண்டியில் வரும் 26×1⅜ டயருக்கு அந்த எண் 590. உங்களுக்குக் கொடுத்தது அதுதான். 31 மில்லிமீட்டர் வித்தியாசம், ஒரு இஞ்சுக்கும் மேலே. கரண்டி என்ன, கடப்பாரை போட்டாலும் ஏறாது. இனிமேல் கடையில் இஞ்ச் சொல்லாதீர்கள், 559 என்று சொல்லுங்கள். கடைக்காரர் முழித்தால் பழைய டயரையே கையில் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

அடுத்து ஸ்டீலா அலாயா. உங்கள் ஊருக்கு அலாய்தான். ஸ்டீல் ரிம் கெட்டது என்று சொல்லமாட்டேன். பள்ளத்தில் விழுந்து நெளிந்தால் சுத்தியலால் தட்டி ஓரளவு நேராக்கிவிடலாம், அலாயைத் தட்டினால் விரிசல் விட்டுவிடும். கடலை விட்டுத் தள்ளி, காய்ந்த ஊரில் ஸ்டீல் இருபது வருடம் கூட ஓடும். ஆனால் க்ரோம் வெளியே பளபளக்கிற அளவுக்கு டயருக்கு அடியிலும் ஓட்டை விளிம்பிலும் பிடிப்பதில்லை. உப்புத் தண்ணீர் கம்பி வழியாக இறங்கி அங்கேதான் போய் நிற்கிறது. நீங்கள் எண்ணெய் தடவியது வெளிப்பக்கம், ரிம் செத்தது உள்பக்கம்.

இன்னொரு காரணம் பிரேக். நனைந்த க்ரோமில் பிரேக் கட்டை வழுக்கும். மழையில் நீங்கள் பிரேக்கைப் பிடித்த பிறகு வண்டி கொஞ்ச தூரம் யோசித்துவிட்டுத்தான் நின்றிருக்கும், சரியா? அலாயில் அந்த யோசனை குறைவு. அதனால் பின் ரிம்மோடு நிறுத்தாமல் முன் ரிம்மையும் மாற்றுங்கள். நிறுத்துகிற வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது முன் பிரேக்தான்.

சிங்கிள் வால் என்பது ஓட்டு வீடு மாதிரி, ஒரே தகடு. டபுள் வால் மாடி வீடு, இரண்டு தளமும் நடுவில் பொந்தும் இருக்கும். கடையில் டயர் பக்கமிருந்து பாருங்கள். மேல் தளத்தில் பெரிய ஓட்டைகளும் அதற்குள்ளே ஆழத்தில் நிப்பிள் உட்காரும் சின்ன ஓட்டைகளும் தெரிந்தால் டபுள் வால். 84 கிலோ ஆள், கேரியரில் சிப்பம் என்றால் பின்னால் டபுள் வால்தான் போட வேண்டும். விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

வாங்கும்போது நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ரிம்மைக் கடைத் தரையில் படுக்கவைத்து ஓரத்தை விரலால் அழுத்துங்கள், ஆடக்கூடாது. வால்வு ஓட்டைக்கு நேர் எதிரே ரிம்மின் இணைப்பு இருக்கும், அதன் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் வைத்துவிட்டு வேறு எடுங்கள். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சுற்றுக்கு ஒரு டக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டை எத்தனை என்று எண்ணுங்கள். உங்கள் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) 36 ஓட்டை என்றால் ரிம்மும் 36 இருக்கவேண்டும். வெளிநாட்டு ரேஸ் ரிம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் வால்வு ஓட்டையைப் பாருங்கள். அதில் ஆறரை மில்லிமீட்டர்தான் இருக்கும், நம் டியூப் வால்வு நுழையாது.

இனி முக்கியமானது. நல்ல ரிம்மில் கெட்ட கை கம்பி கோர்த்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது. சுமாரான ரிம்மை நல்ல கை கோர்த்தால் வருடக்கணக்கில் ஓடும். கம்பி பெரும்பாலும் பாரத்தால் உடைவதில்லை, தளர்ச்சியால் உடைகிறது. சக்கரம் சுற்றும்போது தரைக்கு நேராக வரும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். முதலிலேயே தொளதொளவென்று கோர்த்திருந்தால் அது முழுக்கத் தளர்ந்து தளர்ந்து, ஹப்பில் வளைகிற இடத்தில் களைத்து ஒருநாள் அறுந்துவிடும். ரெடிமேட் வீல் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மெஷினில் கோர்த்து வரும் மலிவு சக்கரம் நேராகச் சுற்றும், இறுக்கம் மட்டும் இருக்காது.

பழைய கம்பியைத் திரும்பப் போடச் சொல்லாதீர்கள். துருப்பிடித்தது என்பது மட்டும் காரணமில்லை. டபுள் வால் ரிம் உயரமாக இருப்பதால் கம்பி நீளம் குறையும். பழைய கம்பி நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டு டியூபைக் குத்தும். 14 கேஜ் எவர்சில்வர் கம்பி, பித்தளை நிப்பிள் கேளுங்கள். நிப்பிள் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கோர்க்கச் சொல்லுங்கள்.

மழைமிதி_சென்னை:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முன் சக்கரத்துக்கு டபுள் வால் கட்டாயமில்லை. திருவான்மியூரிலிருந்து கிண்டிக்கு ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். முன்னால் சிங்கிள் வால் அலாய், ஒரு தடவைகூடக் கோட்டம் எடுக்க வேண்டி வரவில்லை. நான் 55 கிலோ என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அலாய்க்கும் ஒரு வியாதி உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. மணல். பிரேக் கட்டையில் மணல் துகள் ஒட்டிக்கொண்டால் அது ரிம்மை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். என் பின்சக்கர ரிம் போனது அப்படித்தான். பக்கச் சுவர் உள்வாங்கிக் கிண்ணம் போலக் குழிந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. ஒருநாள் காலையில் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது சுவர் பிளந்து டியூப் வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் சிலிண்டர் என்று நினைத்து லுங்கியோடு வெளியே ஓடிவந்துவிட்டார்.

அதிலிருந்து மழையில் ஓட்டிய மறுநாள் பிரேக் கட்டையைத் திருப்பிப் பார்ப்பேன். பளிச்சென்று மின்னும் துகள் இருந்தால் ஊக்கால் நோண்டி எடுப்பேன். சில ரிம்களில் பக்கச் சுவரைச் சுற்றி மெல்லிய பள்ளக் கோடு ஒன்று இருக்கும். அது மறைந்தால் ரிம் முடிந்தது என்று அர்த்தம். கோடு இல்லாத ரிம் என்றால் ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது.

டபுள் வால் போட்டால் ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவில் சுற்றும் ரிம் டேப்பை மறக்காதீர்கள். ஸ்டீல் ரிம்மில் வந்த பழைய ரப்பர் பட்டை போதாது. மேல் தளத்தின் பெரிய ஓட்டைக்குள் டியூப் பிதுங்கி, ஆணியே இல்லாமல் பஞ்சராகும். துணி டேப் கேளுங்கள்.

திருமருகல்_வாசி:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அப்பா வைத்திருந்த 28 இஞ்ச் பெரிய வண்டி ஒன்று இருக்கிறது, கம்பி பிரேக் (கேபிள் இல்லை, இரும்புத் தண்டு இழுப்பது). அதன் ரிம்மும் துருப்பிடித்துவிட்டது. அதற்கும் அலாய் போடலாமா?

கோட்டம்_எடுப்பவன்:

போடாதீர்கள். உங்கள் அப்பா வண்டியின் பிரேக் கட்டை ரிம்மைப் பக்கவாட்டில் கவ்வுவதில்லை. கீழேயிருந்து மேலே, ஹப்பைப் பார்த்த முகத்தில் போய் அழுத்துகிறது. அதற்காகவே அந்த ரிம்மில் நடுவில் மேடும் இரண்டு பக்கமும் கட்டை உட்காரத் தட்டையும் வைத்திருக்கிறார்கள். இப்போது வரும் அலாய் ரிம்மில் அந்தத் தட்டை கிடையாது, கட்டை நிப்பிளில் போய் இடிக்கும். அதோடு உங்கள் ரிம் 635. இன்று பரவலாகக் கிடைக்கும் 700சி என்ற அளவு ரிம் 622. ஆரத்தில் ஆறரை மில்லிமீட்டர் சிறியது. அந்த வண்டியில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி இருக்கும், எண்ணிப் பாருங்கள். 40 ஓட்டை அலாய் தேடினால் கால் தேயும்.

அதற்கு ஸ்டீல் ரிம்மே போடுங்கள், இன்னும் கிடைக்கிறது. டயர் போடுமுன் உள்பக்கம் முழுக்க ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். பிரேக் கட்டை படும் இடத்தில் மட்டும் பெயிண்ட் படக்கூடாது.

நாகை_மிதி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

559, 36 ஓட்டை, டபுள் வால் அலாய் இரண்டு. முன்னால் சிங்கிள் வால் போடலாம் என்றுதான் போனேன், கடையில் இது ஜோடியாகத்தான் இருந்தது. ரிம் இரண்டும் 1,600. எவர்சில்வர் கம்பி 72, நிப்பிளோடு 720. துணி டேப் 60. கூலி 400. ஆக 2,780. நகத்தை ஓட்டிப் பார்த்து முதல் ரிம்மைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கோர்த்தவர் வெளிப்பாளையம் பக்கம் ஒரு பெரியவர். ஸ்டாண்டு எதுவும் கிடையாது. வண்டியைச் சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் தலைகீழாக நிறுத்தினார். ஒரு சாக்பீஸை ஃபோர்க்கில் அணைத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். ரிம் வெளியே தள்ளும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுகிறது. அங்கே நிப்பிள் சாவியால் கால் திருகு, மறுபடி சுற்று. கடைசியில் கோடு ரிம் முழுக்க ஒரே சீராக விழுந்ததும் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார்.

ஓட்டிப் பார்த்ததில் முதல் மழையிலேயே பிரேக் வித்தியாசம் தெரிந்தது. முதல் நாள் பழைய பழக்கத்தில் முன்கூட்டியே பிடித்து, பரவை சந்தைக்கு முன்னால் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த மீன்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஒரு சந்தேகம். முதல் இரண்டு கிலோமீட்டர் சக்கரத்திலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது, பிறகு தானாக நின்றுவிட்டது. ஏதாவது கோளாறா?

கோட்டம்_எடுப்பவன்:

பயப்படாதீர்கள். நிப்பிளைத் திருகும்போது கம்பியும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். பாரம் ஏறியதும் அந்த முறுக்கு விடுபடுகிற சத்தம் அது. கோர்த்து முடித்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையில் பிடித்து நன்றாக நசுக்கிவிட்டால் அது கடையிலேயே கேட்டு முடிந்திருக்கும். பெரியவர் அதை விட்டுவிட்டார் போல, அல்லது மழை வருகிறதென்று அவசரம்.

முறுக்கு விட்டதால் கொஞ்சம் தளர்ந்திருக்கும். நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுபோய் ஒரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்குக்கு அது ஏற்கெனவே தாண்டியிருக்கும். வாரம் ஒரு முறை ஒரு வாளி நல்ல தண்ணீரை ரிம்மில் ஊற்றிக் கழுவுங்கள். அலாய் துருப்பிடிக்காது, ஆனால் உப்பு நின்றால் ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூக்கும்.

நாகை_மிதி:

சரிங்க ஐயா, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன். 590 ரிம் யாருக்காவது வேண்டுமானால் சும்மாவே தருகிறேன் என்று எழுத வந்தேன். பாகற்காய் காய்த்து முடியட்டும் என்கிறாள் வீட்டம்மா.