கைமாறிக் கைமாறி வந்த ரோல்ஸ் ராய்ஸுக்கு அந்தப் பழைய பெயர் இன்னும் தகுமா?

கதிரவன்:

வணக்கம். வீட்டில் நடக்கும் ஒரு வாக்குவாதத்தை இங்கே கொண்டுவருகிறேன். ரோல்ஸ் ராய்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே என் மச்சான் ஒரே பிடியாக நிற்கிறார். "அது 1971-லேயே திவாலான கம்பெனி. அப்புறம் யார் யாரோ வாங்கி விற்று, 1998-ல் ஜெர்மன்காரன் கைக்குப் போய்விட்டது. இப்போது வருவது பெரிய சைஸ் பிஎம்டபிள்யூ, மூக்கில் ஒரு பொம்மை, அவ்வளவுதான்" என்கிறார். எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் எதிர்த்துச் சொல்ல கையில் உருப்படியான தகவல் இல்லை.

"உலகிலேயே சிறந்த கார்" என்ற பெயர் முதலில் எப்படி வந்தது? வேலையால் வந்ததா, விளம்பரத்தால் வந்ததா? இத்தனை முறை கைமாறிய பிறகு அந்தப் பழைய கம்பெனியிலிருந்து ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அப்புறம் இரண்டு கதைகள். மகாராஜா ஒருவர் கோபத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கார்களைக் குப்பை அள்ள விட்டார் என்கிறார்கள். ராய்ஸ் இறந்த துக்கத்தில்தான் சின்னத்தின் சிவப்பு எழுத்து கறுப்பானது என்கிறார்கள். இவை உண்மையா?

செழியன்:

உங்கள் மச்சான் சொல்வதில் பாதி சரி. பழைய ரோல்ஸ் ராய்ஸின் நேர் வாரிசு என்று கேட்டால், அதே கம்பெனி செய்துவந்த இன்னொரு கார் பெயரான பென்ட்லியைத்தான் நான் காட்டுவேன். போருக்குப் பிறகு 1946 முதல் ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் தயாரானது இங்கிலாந்தின் க்ரூ நகரத் தொழிற்சாலையில். அந்தத் தொழிற்சாலை இன்று பென்ட்லியிடம் இருக்கிறது. 1959-ல் சில்வர் கிளவுட் 2-க்கும் பென்ட்லி எஸ்2-க்கும் சேர்த்து ஒரு வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினைச் செய்தார்கள். அதே என்ஜின் திருத்தத்துக்கு மேல் திருத்தம் கண்டு, பென்ட்லி முல்சானில் 2020 வரை ஓடியது. பெயர் ஒரு பக்கம் போனது, தொழிற்சாலையும் ஆட்களும் இன்னொரு பக்கம் நின்றுவிட்டார்கள்.

பட்டறைக்காரர்:

தம்பி கதிரவன், பழைய வண்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. ரோல்ஸ் ராய்ஸும் கைக்கு வந்திருக்கிறது, பெரும்பாலும் சில்வர் ஷேடோ என்ற மாடல். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். கம்பெனி கைமாறிய கணக்கை என்னைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது தோல் இருக்கையும் மர வேலைப்பாடும். அந்தப் பெயர் அதனால் வரவில்லை. தொடக்கத்தில் அவர்கள் விற்றது சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) என்ஜினும்தான். மேலே உள்ள கூண்டை வாங்குபவர் தனக்குப் பிடித்த கூண்டு கட்டுபவரிடம் கொடுத்துக் கட்டிக்கொள்வார். அதனால் அந்தக் காலத்து ரோல்ஸ் ராய்ஸில் நீங்கள் பார்க்கும் அழகில் பெரும்பகுதி வேறு யாரோ செய்தது. பெயர் வாங்கிக் கொடுத்தது கண்ணில் படாத அடிப்பாகம்.

ஹென்றி ராய்ஸ் 1863-ல் ஒரு மாவுமில்காரருக்குப் பிறந்தவர். சின்ன வயதில் பேப்பர் போட்டார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். ரயில்வே பட்டறையில் தொழில் பழகப் போனவர், பணம் இல்லாமல் பாதியில் நிற்க வேண்டியதாயிற்று. பிறகு மான்செஸ்டரில் டைனமோவும் மின்சாரக் கிரேனும் செய்து முன்னுக்கு வந்தார். பழைய டெகோவில் கார் ஒன்றை, பிரெஞ்சு வண்டி, வாங்கினார். அதன் சத்தமும் அதிர்வும் அவருக்குப் பொறுக்கவில்லை. நாமே செய்தால் என்ன என்று இறங்கி, 1904 ஏப்ரலில் தன் முதல் காரை ஓட்டினார். இரண்டே சிலிண்டர், பத்து குதிரைசக்தி. அடுத்த மாதம் 4-ஆம் தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் சார்லஸ் ரோல்ஸ் அவரைச் சந்தித்தார். ரோல்ஸ் பிரபு வீட்டுப் பிள்ளை, லண்டனில் கார் விற்பவர். இரண்டு சிலிண்டர் வண்டி என்றால் உதறும் என்று ஒதுக்கியவர். இதில் ஏறிப் பார்த்ததும் மனம் மாறி, நீங்கள் செய்வதை எல்லாம் நானே விற்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டார்.

1906-ல் வந்தது 40/50 என்ற மாடல். பின்னால் சில்வர் கோஸ்ட் என்று பெயர் வாங்கிய வண்டி இதுதான். அதற்கு முந்தைய ஆறு சிலிண்டர் வண்டியில் கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு, முறுக்கதிர்வால் தொல்லை கொடுத்தது. நீளமான கிராங்க் ஒரு முனையில் முன்னே முறுக, மறு முனையில் பின்னே முறுக, கடைசியில் உடையும். ராய்ஸ் கிராங்கைத் தடிமனாக்கி, அதைத் தாங்க ஏழு மெயின் பேரிங் கொடுத்து, எண்ணெயை அழுத்தத்தோடு பேரிங் வரை தள்ளினார். அந்தக் காலத்தில் பல வண்டிகளில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சேசிஸில் உள்ள போல்ட். பாகங்களை ரிவெட் அடித்துப் பிடிப்பது வழக்கம். ராய்ஸுக்கு அது பிடிக்காது, நாளடைவில் தளர்ந்து சத்தம் கொடுக்கும் என்பார். அவர் வைத்தது ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்த போல்ட். அதற்குத் துளையையும் அதே சரிவில் கையால் ரீமர் (துளையைச் சீவும் கருவி) போட்டுத் தேய்க்க வேண்டும். போல்ட் துளைக்குள் முழு நீளமும் ஒட்டி உட்கார வேண்டும், ஒரு மயிரிழை இடைவெளி இருக்கக் கூடாது. ரீமர் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினால் போல்ட் உள்ளே இறங்கிவிடும், துளை கெட்டுவிடும். ஒரு வண்டியில் இப்படி எத்தனை துளை என்று எண்ணினால், அந்தப் பட்டறையில் அவசரத்துக்கு இடமே இருந்திருக்காது என்று புரியும்.

வேலை இப்படி என்றால், அதை ஊருக்குக் காட்டியவர் கிளாட் ஜான்சன் என்ற நிர்வாகி. ரோல்ஸுக்கும் ராய்ஸுக்கும் நடுவில் உள்ள இணைப்புக்கோடு என்றே அவரைச் சொல்வார்கள். 1907-ல் ஒரு காருக்கு வெள்ளி நிறம் பூசி, லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவே இரவு பகலாக ஓட விட்டார். ஞாயிறு மட்டும் ஓய்வு. ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஆட்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். 629-வது மைலில் பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் தானாக மூடிக்கொண்டு வண்டி நின்றது. திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 14,371 மைல் தானாக ஒரு முறைகூட நிற்கவில்லை. மொத்தம் 15,000. முடிந்ததும் வண்டியைப் பிரித்துப் போட்டுத் தேய்மானம் பார்த்தார்கள். புதிதுபோல் ஆக்குவதற்கு மாற்ற வேண்டியிருந்த பாகங்களுக்கு ஆன செலவு இரண்டு பவுண்டு சொச்சம். நடுவழியில் நிற்காத கார் என்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. பத்திரிகைக்காரர்கள் சும்மா எழுதவில்லை.

1912-ல் ஆல்ப்ஸ் மலைப் போட்டியில் இதே வண்டி காட்ஷ்பெர்க் கணவாய் ஏற்றத்தில் திணறி நின்றது. மூன்று கியர் போதவில்லை. அடுத்த வருஷமே நான்கு கியர் பெட்டியோடு திரும்பிப் போய் அதே மலைகளில் ஜெயித்தார்கள். ஜெயித்ததைவிட, தோற்ற இடத்தைச் சரிசெய்து அங்கேயே திரும்பிப் போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த சேசிஸ்மேல் இரும்புத் தகடு கட்டி முதல் உலகப் போரில் பாலைவனத்தில் கவச வண்டியாகவும் ஓட்டினார்கள்.

ரோல்ஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1910 ஜூலையில் போர்ன்மத் நகரில் விமானம் உடைந்து விழுந்து இறந்துபோனார். வயது 32.

விமலா:

பட்டறைக்காரர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். கைமாறிய கணக்கை நான் சொல்கிறேன். நிறுவனங்களின் கணக்கு வழக்கைப் பார்ப்பது என் வேலை, இந்த விற்பனை எனக்கு நீண்ட நாளாகப் பிடித்த விஷயம்.

1971 திவாலுக்குக் காரணம் கார் இல்லை. அதே நிறுவனம் விமான என்ஜினும் செய்தது. லாக்ஹீட் ட்ரைஸ்டார் விமானத்துக்காக ஆர்பி211 என்ற என்ஜினை ஒப்புக்கொண்டார்கள். முன்விசிறியின் இதழ்களைக் கார்பன் இழையில் செய்தார்கள், பறவை மோதும் சோதனையில் அவை சிதறின. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவு எகிறி, பிப்ரவரி 4 அன்று நிறுவனம் விழுந்தது. அரசு விமான என்ஜின் பிரிவைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. கார் பிரிவு 1973-ல் தனி நிறுவனமாகி, 1980-ல் விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்திடம் போனது.

விக்கர்ஸ் 1998-ல் விற்க வந்தபோது பிஎம்டபிள்யூ 34 கோடி பவுண்டு சொன்னது. ஃபோக்ஸ்வாகன் 43 கோடி கொடுத்து வாங்கிவிட்டது. க்ரூ தொழிற்சாலை, பென்ட்லி பெயர், கார் வடிவமைப்புகள், முன்பக்க கிரில், அதன்மேல் நிற்கும் பறக்கும் பெண் சிலை எல்லாம் அவர்களுக்கு. ஆனால் ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரும் இரட்டை ஆர் சின்னமும் விற்றவர்களிடம் இல்லை, விமான என்ஜின் நிறுவனத்திடம் இருந்தன. அதை பிஎம்டபிள்யூ 4 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. போதாததற்கு அப்போதைய புது மாடல்களுக்கு என்ஜின் கொடுத்ததும் பிஎம்டபிள்யூதான். ஒருவரிடம் சிலை, இன்னொருவரிடம் பெயர். பேசித் தீர்த்து, 2002 கடைசிவரை க்ரூவிலேயே ரோல்ஸ் ராய்ஸ் செய்யலாம், 2003 ஜனவரி 1 முதல் பெயரும் சிலையும் கிரில்லும் பிஎம்டபிள்யூவுக்கு என்று முடிவு செய்தார்கள். பிஎம்டபிள்யூ இங்கிலாந்தின் குட்வுட்டில் புதிதாகத் தொழிற்சாலை கட்டி, அந்த முதல் நாளிலேயே ஃபேன்டம் என்ற புது காரை ஒப்படைத்தது.

ஆக, சட்டப்படி பார்த்தால் செழியன் சொல்வது சரி. குட்வுட்டுக்குப் பழைய கட்டடமோ இயந்திரமோ வரவில்லை.

கதிரவன்:

ஐயா, விமலா அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. திவாலுக்குக் கார் காரணமில்லை என்பதே எனக்குப் பெரிய செய்தி. மச்சானிடம் இன்றே காட்டுகிறேன். அந்த இரண்டு கதைகள் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

விமலா:

குப்பை வண்டிக் கதையை ஒருவர் ஆல்வார் ராஜா என்பார், இன்னொருவர் பாட்டியாலா என்பார், வேறொருவர் ஹைதராபாத் நிஜாம் என்பார். லண்டன் கடையில் எளிய உடையில் போனவரை விரட்டிவிட்டார்கள், அவர் இருந்த கார்களை எல்லாம் வாங்கிக் குப்பை அள்ள விட்டார் என்று போகும். ஆளும் ஊரும் வண்டிக் கணக்கும் சொல்பவருக்கு ஏற்ப மாறுகிறது. நான் அதை வரலாறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்திய அரசர்கள் அந்தக் காரை நிறைய வாங்கினார்கள் என்பது மட்டும் உறுதி.

சின்னம் கறுப்பானது 1933-ல், ராய்ஸ் இறந்ததும் அதே வருஷம் ஏப்ரலில். அதனால் துக்கக் கதை ஒட்டிக்கொண்டது. சிவப்பு பல வண்டி நிறங்களோடு சேரவில்லை என்று ராய்ஸ் இருக்கும்போதே எடுத்த முடிவு அது.

பட்டறைக்காரர்:

செழியன், விமலா சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. புது ஃபேன்டம் பற்றி மட்டும் ஒன்று. அதன் வி12 என்ஜின் 6,749 சிசி. பழைய வி8 6,750. சிலிண்டர் எண்ணிக்கை மாறியும் அந்த அளவை விடவில்லை. குதிரைசக்தி எவ்வளவு என்று கேட்டால் "போதுமான அளவு" என்று சொன்ன கம்பெனி அது. மிதித்தால் சத்தமில்லாமல் அசைந்து கிளம்ப வேண்டும் என்ற அந்தக் குணத்தைப் படித்துவிட்டுத்தான் புது ஆட்கள் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். 2023-ல் வந்த ஸ்பெக்டர் முழு மின்சாரக் கார். டைனமோ செய்து பிழைத்த மனிதர் தொடங்கிய கம்பெனிக்கு இது வேற்று வழி இல்லை. ரோல்ஸும் 1900-லேயே மின்சாரக் காருக்குச் சத்தமும் நாற்றமும் இல்லை என்று புகழ்ந்தவர். பெயர் தகும் என்பது என் கட்சி.

மாறன்:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னியுங்கள் ஐயா. என் சித்தப்பா ஒரு பழைய சில்வர் ஷேடோவை விலை பேசிக்கொண்டிருக்கிறார். நல்ல பளபளப்பு. எதைப் பார்க்க வேண்டும்?

பட்டறைக்காரர்:

மாறன் தம்பி, பளபளப்பை விட்டுவிட்டு பிரேக்கைப் பாருங்கள். ஷேடோவின் பிரேக்கும் பின்பக்க உயரத்தைச் சமன் செய்யும் அமைப்பும் சிட்ரோயன் என்ற பிரெஞ்சு கார் கம்பெனியிடம் உரிமம் வாங்கிச் செய்தவை. என்ஜினுக்குள் இருந்து ஓடும் இரண்டு பம்புகள், அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும், நைட்ரஜன் அடைத்த இரண்டு உருண்டைகள். என்ஜினைச் சிறிது நேரம் ஓட விட்டு அணையுங்கள். சாவியை மட்டும் போட்டு வைத்து, பிரேக்கை மிதித்து மிதித்து விடுங்கள். உருண்டை நன்றாக இருந்தால் நிறைய மிதி தாங்கும். நாலைந்து மிதியிலேயே டாஷ்போர்டில் பிரேக் அழுத்த லைட் எரிந்தால் நைட்ரஜன் போய்விட்டது.

அப்புறம் முக்கியமாக, இதுவரை என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். ஷேடோவுக்கு ஆர்ஆர்363 என்ற தனி பிரேக் ஆயில். அடுத்து 1980-ல் வந்த சில்வர் ஸ்பிரிட் மாடலுக்கு மினரல் எண்ணெய். விவரம் தெரியாமல் ஒன்றில் மற்றதை ஊற்றினால் கசிவைத் தடுக்கும் சீல்கள் கெட்டு, பம்பு முதல் பின்சக்கரம் வரை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். விற்பவர் ஆயில் பெயரைத் தயங்காமல் சொன்னால் மேலே பேசுங்கள். தெரியாது என்றால், உருண்டைகளையும் சீல்களையும் மாற்றும் செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வண்டிக்கு அடியில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.