பவர் அதிகமான டர்போ எஸ்யூவிகளின் நிஜ மைலேஜ்: குற்றம் டர்போ மீதா?

வளைவுப்பாதை:
பதினோரு மாதமாக ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் எழுதி வைத்த கணக்கு இது. வண்டி 3 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ (வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) வைத்த பெட்ரோல், 380 குதிரைத்திறன், எடை 2200 கிலோ பக்கம். 14,000 கிலோமீட்டர், 29 முறை முழு டேங்க், சராசரி லிட்டருக்கு 7.4 கிலோமீட்டர். கையேட்டில் டபிள்யூஎல்டிபி (ஐரோப்பாவில் ஆய்வகத்தில் ஓட்டி எடுக்கும் சோதனை) மைலேஜ் என்று போட்டிருப்பது 10.5. டேஷ்போர்டு திரையைப் பார்த்தால் 7.9 காட்டுகிறது, அதையும் நம்ப முடியவில்லை. என் முடிவு ஒன்றுதான்: டர்போ என்பது சோதனையில் பாஸ் ஆவதற்காக வைத்தது. மெதுவாக உருட்டும்போது சின்ன எஞ்சின் மாதிரி நடிக்கும், மிதித்தால் பெரிய எஞ்சின் மாதிரி குடிக்கும். அமெரிக்க நுகர்வோர் பத்திரிகை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2013லேயே சின்ன டர்போ எஞ்சின்களைச் சோதித்து, சொன்ன சிக்கனம் ரோட்டில் வரவில்லை என்று எழுதிவிட்டது. இன்னும் நாம் நம்பிக்கொண்டே இருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
நண்பரே, கணக்கை எழுதி வைத்ததற்கு முதலில் நன்றி, பாதிப் பேர் திரையைப் பார்த்துவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறார்கள். ஆனால் குற்றவாளியைத் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் வண்டி சமமான சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, காற்றைத் தள்ளவும் டயரை உருட்டவும் சேர்த்துச் சுமார் 25 குதிரைத்திறன் போதும். அந்த நிலையில் டர்போ கிட்டத்தட்ட சும்மாதான் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்ரோலைத் தின்பது எடையும் உருவமும்.

2200 கிலோவை நின்ற இடத்திலிருந்து 60க்குக் கொண்டுபோக 0.3 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது, நகர ஓட்டத்தில் அதில் கால்வாசி சக்கரத்துக்கு வந்தாலே பெரிய விஷயம். ஆக, ஒரு முறை நின்று கிளம்பினால் ஏறக்குறைய 38 மில்லி. அரை கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல் என்றால் 100 கிலோமீட்டருக்கு 7.6 லிட்டர் கிளம்புவதற்கே போய்விடும், ஏசியும், நின்றபடி எஞ்சின் ஓடும் ஐடிலிங்கும் அப்புறம். 1400 கிலோ காருக்கு இதே கணக்கு 5 லிட்டருக்குள் முடியும். இதில் டர்போ எங்கே வருகிறது?

வளைவுப்பாதை:
வருகிறது, சொல்கிறேன். உங்கள் கணக்கில் எஞ்சின் எப்போதும் ஒரே மாதிரி எரிக்கிறது என்று வைத்துக்கொண்டீர்கள். பெட்ரோல் முழுசாக எரிய எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறி, வெளியேறும் வாயுவின் சூடு டர்போவின் சுழலியான டர்பைனைப் பதம் பார்க்கும் அளவுக்குப் போனால், எஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள காற்று-பெட்ரோல் மிக்ஸ்சரை ரிச் ஆக்குகிறது. அதாவது பெட்ரோலைக் குளிர்ந்த தண்ணீர் மாதிரி ஊற்றுகிறது. 12க்கு ஒன்று என்று வைத்தால் அதே காற்றுக்கு 22 சதவீதம் கூடுதல் பெட்ரோல், அந்த அளவுக்குப் பவர் கூடவே கூடாது.

இதைக் கண்ணால் பார்த்தேன். எஞ்சின் கணினியின் எண்களைப் போனில் காட்டும் ஓபிடி கருவியைச் செருகி, போனை நண்பன் கையில் கொடுத்துவிட்டு ஒரு நீண்ட மேட்டில் ஏறினேன். பாதி மிதியில் 14.7இல் அசையாமல் நின்ற எண், மிதியைத் தரையோடு வைத்துச் சில நொடிகளில் 13, அப்புறம் 12.1, கடைசியில் 11.9. காலை எடுத்ததும் திரும்பி 14.7. அந்த எண் இறங்குவதைப் பார்த்த பிறகு டர்போ அப்பாவி என்று என்னால் சொல்ல முடியாது.

பட்டறைக்காரன்:
ரெண்டு பேரும் சரி, ரெண்டு பேரும் பாதியை விட்டுவிட்டீர்கள். ரிச் ஆவது உண்மை. ஆனால் எல்லா எஞ்சினிலும் ஒரே அளவு இல்லை. சில எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சூடான வாயு வெளியேறும் குழாயை) சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வைத்துக் கூலன்ட்டால் குளிர்விக்கிறார்கள். மாஸ்டா 2.5 டர்போவில் குளிர்வித்த ஈஜிஆர் (எரிந்த வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) வைத்ததே பெட்ரோல் ஊற்றிக் குளிர்விப்பதைக் குறைக்கத்தான். அப்புறம் ஆக்டேன், அதாவது பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. கையேட்டில் சொன்னதைவிடக் குறைந்த ஆக்டேன் போட்டால் நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும் சத்தம்) வராமல் இருக்க எஞ்சின் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், இழுவை குறையும், நீங்கள் இன்னும் அழுத்தி மிதிப்பீர்கள். எந்தப் பெட்ரோல் போடுகிறீர்கள் சார்? தினமும் எவ்வளவு தூரம்? நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் எஞ்சின் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடும், மைலேஜைப் பற்றிப் பேசவே வேண்டாம். டயர் கம்பெனி போட்டதா, மாற்றியதா?

வளைவுப்பாதை:
சொன்ன ஆக்டேன்தான், அதில் கஞ்சத்தனம் இல்லை. ஒரு தடவைக்கு 18 கிலோமீட்டர். டயர் மாற்றினேன், 20 இன்ச்சிலிருந்து 22, அகலமும் கூட.

பட்டறைக்காரன்:
அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும் சார். கனமான வீல், அகலமான டயர், இரண்டும் பெட்ரோல் கேட்கும். டயரின் மொத்த விட்டம் கூடியிருந்தால் ஓடோமீட்டர் குறைவாக எண்ணும், அதனால் உங்கள் 7.4கூட சரியான எண் இல்லை. ஒரு நீண்ட பயணத்தில் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
மிக்ஸ்சர் விஷயத்தை நான் மறுக்கவில்லை. எத்தனை நிமிடம் என்பதுதான் என் கேள்வி. 7.4 என்றால் 100 கிலோமீட்டருக்கு 13.5 லிட்டர், 10.5 என்றால் 9.5 லிட்டர், வித்தியாசம் 42 சதவீதம். முழு மிதியில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் 22 சதவீதம் கூடுகிறது என்றால், நாள் முழுக்க மேட்டில் மிதித்தபடியே ஏறினாலும் அந்த 42 வராது. 2021இல் பதிவான பெட்ரோல், டீசல் கார்களுக்குள் இருக்கும் மீட்டர்களிலிருந்தே எடுத்த தரவை ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டது, டபிள்யூஎல்டிபி எண்ணைவிட நிஜச் செலவு சராசரியாக 20 சதவீதம் அதிகம். உங்களுடையது அதைப் போல இரண்டு மடங்கு. மிச்சத்தை வேகத்தில் தேடுங்கள். 100இலிருந்து 120 போனால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடும். உங்கள் வண்டி அளவுக்கு நான் போட்டுப் பார்த்ததில் லிட்டருக்கு 12 தருவது ஒன்பதரைக்கு வந்துவிடுகிறது.

வளைவுப்பாதை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஒரு முழு டேங்க், அதே வழி, 100ஐத் தாண்டவில்லை, 22 இன்ச் டயர்தான். 9.1 வந்தது. ஜிபிஎஸ்ஸோடு பார்த்ததில் ஓடோமீட்டர் 2 சதவீதம் குறைவாக எண்ணுகிறது, அதையும் சேர்த்தால் 9.3. சரி, என் கால் பெரிய காரணம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் கோபம் போகவில்லை. டபிள்யூஎல்டிபி சோதனை 30 நிமிடம், 23 கிலோமீட்டர், ஏசி கிடையாது, 131 வரை வேகம் போனாலும் முழு மிதி என்பதே இல்லை. 380 குதிரைத்திறன் வண்டி அதில் ஒரு தடவைகூட ரிச் ஆக வேண்டியிருக்காது. பவரைக் காட்டி விற்பார்கள், அந்தப் பவரைத் தொடாமல் மைலேஜ் எண் எடுப்பார்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏ 2008 மாடல் வருடத்திலிருந்தே வேகமாக இழுத்து ஓட்டும் சோதனையையும் ஏசி சோதனையையும் கணக்கில் சேர்க்கிறது. அது மாதிரி எண் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
இதில் உங்களோடு நிற்கிறேன், வேகமாக ஓட்டினால் எவ்வளவு என்று தனியாக ஒரு எண் கட்டாயம் வேண்டும். டர்போ விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே 380 குதிரைத்திறனை டர்போ இல்லாமல் எடுக்க 5 லிட்டர் பக்கம் வி8 வேண்டும். 25 குதிரைத்திறன் மட்டும் கேட்கும் நேரத்தில் அந்த எட்டு சிலிண்டரும் ஏறக்குறைய மூடிய த்ராட்டில் (காற்று நுழையும் கதவு) வழியாகக் காற்றை உறிஞ்சத் திணறிக்கொண்டிருக்கும். ஆடியின் ஆர்எஸ் க்யூ8 மாதிரி வி8 எஸ்யூவிகளில் லேசாக ஓட்டும்போது நாலு சிலிண்டரை அணைத்து வைப்பது இதற்காகத்தான், அதிலும் டர்போ இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

வளைவுப்பாதை:
பழைய 20 இன்ச் வீல்கள் வீட்டிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறேன். ஒரு டேங்க் 100க்குள், ஒரு டேங்க் என் வழக்கப்படி. இரண்டையும் ஓபிடி பதிவோடு, எத்தனை நிமிடம் ரிச் ஆனது என்பதையும் சேர்த்துப் போடுகிறேன்.